வேட்டி கட்டிய சிலந்தி மனிதன்!

இன்ஸ்பெக்டரைக் காப்பாற்றிய பையன் குற்றவாளியா?
சாணித்தாள் காமிக்ஸ், வெள்ளித்திரையை மடக்கிய கதை

புதுச்சேரி:

கட்டிடம் இடிந்து விழுகிறது. கீழே ஒரு குழந்தை. பார்த்த போலீஸ் இன்ஸ்பெக்டர் உயிரை வெறுத்து ஓடுகிறார்.

அந்த இன்ஸ்பெக்டர் அங்கேயே செத்தாக வேண்டும் என்பது விதியாம்! அவர் செத்தால்தான் ஊர் பிழைக்குமாம்!

குறுக்கே பாய்ந்தான் ஒரு பையன். இன்ஸ்பெக்டரையும் குழந்தையையும் காப்பாற்றி விட்டான். மறு நிமிடம் பூமி பிளந்தது. "ஏண்டா காப்பாத்தினே?" என்று பையனைப் பிடித்து விசாரணை! கடைசியில் கூண்டு!

இது எந்த போலீஸ் நிலைய எல்லையில் நடந்தது? பயப்பட வேண்டாம். பெரியகடை எல்லையிலும் இல்லை, ஒதியஞ்சாலை எல்லையிலும் இல்லை. நடந்தது சினிமாவில். ஊரின் பெயர் மும்பாட்டன். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து கட்டிய கற்பனை நகரம்.

படம் 'ஸ்பைடர் மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர் வெர்ஸ்'. 2023 ஜூன் 1-ந் தேதி இந்தியாவில் திரைக்கு வந்தது. அமெரிக்காவில் ஜூன் 2. அதாவது, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னதாகவே நம் பிள்ளைகள் பார்த்து விட்டார்கள்!

வீட்டில் பத்து வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால் இந்தக் கதை முழுவதும் அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அப்பா, அம்மாதான். "கார்ட்டூன் படம்தானே" என்று தள்ளி விட்டவர்களுக்காகவே இந்த விவரம்.

பீம் மாமா, மாயா அத்தை!

இன்ஸ்பெக்டரைக் காப்பாற்றியவன் அமெரிக்காவில் இருந்து வந்த பையன் மைல்ஸ் மொரேல்ஸ். கறுப்பினத் தகப்பனுக்கும் போர்ட்டோ ரிக்கோ தாய்க்கும் பிறந்தவன். 2011-ல் அமெரிக்க காமிக்ஸில் இவனை உருவாக்கியவர்கள் எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், இத்தாலிய ஓவியர் சாரா பிச்செல்லி.

ஆனால் மும்பாட்டனுக்கு என்று சொந்தமாக ஒரு சிலந்தி மனிதன் இருக்கிறான். பெயர் பவித்ர் பிரபாகர்!

பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பீட்டர் பார்க்கர் காதில் விழுவார். அசல் சிலந்தி மனிதனின் பெயரை இந்தியாவுக்கு ஏற்றபடி திருப்பியதுதான் பவித்ர் பிரபாகர். 2004-ல் 'ஸ்பைடர் மேன் இந்தியா' என்ற பெயரில் நான்கே இதழ்கள் வெளிவந்த காமிக்ஸில் பிறந்தவன் இவன். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகிய மூவரும் உருவாக்கினார்கள். படம் வரைந்தவர் ஜீவன் காங்.

அதில் அசல் கதையின் பென் மாமா, பீம் மாமா ஆனார். மே அத்தை, மாயா அத்தை ஆனார். காதலி மேரி ஜேன், மீரா ஜெயின் ஆனாள். சிலந்தி கடித்து சக்தி வரவில்லை. யோகி ஒருவர் கொடுத்த வரம் அது. வில்லனோ விஞ்ஞானத்தால் மாறியவன் அல்ல, அசல் ராட்சசன்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை உடைதான். மேலே வலை போட்ட சிவப்புச் சட்டை, முகமூடி. கீழே பஞ்சகச்சம்! கிராமத்தில் இருந்து ஸ்காலர்ஷிப்பில் மும்பை பள்ளிக்கூடத்துக்கு வந்த ஏழைப் பையன் பவித்ர். வேட்டி கட்டி வந்ததற்காக பணக்காரப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள். அந்த வேட்டியோடுதான் பிறகு கட்டிடம் கட்டிடமாகத் தாவுகிறான்.

நான்கு இதழோடு நின்று போன அந்தப் பையன், 19 வருஷம் கழித்து உலகம் முழுக்க ஓடிய படத்தில் வந்து நின்றான். பஞ்சகச்சத்தின் சாயல் உடையில் அப்படியே இருந்தது. அடர்ந்த தலைமுடி புதிதாகச் சேர்ந்து கொண்டது. ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் டெல்லியில் பிறந்த நடிகர் கரண் சோனி. இந்தியிலும் பஞ்சாபியிலும் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? கிரிக்கெட் வீரர் சுப்மன் கில்!

படத்தில் பவித்ருக்கு ஒரு கோபம் வருகிறது. மைல்ஸ் பையன் 'சாய்', 'டீ' என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி ஒன்றாகச் சொல்லி விடுகிறான். சாய் என்றாலே டீதான். டீ டீ என்று எவனாவது கேட்பானா என்று பிடிபிடியென்று பிடிக்கிறான். ஊரைச் சுற்றிக் காட்டும்போது, வெள்ளைக்காரன் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதையும் சந்தடி சாக்கில் குத்திக் காட்டுகிறான்.

அவன் சொல்வது இங்கிலீஷ்காரனை. 1954 நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சுக்காரனிடம் இருந்த புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வெள்ளைக்காரன் வேறு, இந்த வெள்ளைக்காரன் வேறு. இருந்தாலும் சிரிப்பு ஒன்றுதான்.

ரிஜிஸ்டர் அவுட்!

இந்தப் படத்தில் கதையைப் போலவே பேசப்பட்டது, அது கண்ணுக்குத் தெரிந்த விதம்.

கல்யாணப் பத்திரிகையோ, கடை காலண்டரோ கலரில் அடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கலர் அச்சு என்பது நான்கு மை. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. ஒரு மையின் மேல் இன்னொன்று சரியாக உட்கார வேண்டும். மயிரிழை விலகினாலும் முருகன் படத்தில் வேலுக்குப் பக்கத்தில் இன்னொரு வேல் சிவப்பாக நிற்கும். அச்சகத்தில் இதை 'ரிஜிஸ்டர் அவுட்' என்பார்கள். பார்ட்டி பில்லில் பணம் பிடித்து விடுவார்!

பழைய மலிவு விலை காமிக்ஸ் புத்தகங்களில் இந்தக் கோளாறு சர்வ சாதாரணம். தாள் மட்டம். மை மட்டம். அவசர அச்சு. இளநிறமும் நிழலும் மலிவாக வர வேண்டும் என்று நிறத்தைப் புள்ளி புள்ளியாக அடிப்பார்கள். இந்தப் புள்ளி முறையை 1879-ல் கொண்டு வந்தவர் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர். அவர் பெயரிலேயே அது 'பென் டே' புள்ளி ஆயிற்று.

இந்தப் படக் கூட்டம் செய்த காரியம் என்ன? அந்தக் கோளாறு அத்தனையையும் பொறுக்கி எடுத்து, திரையில் அழகாக வைத்து விட்டார்கள்!

முகத்தில் நிழல் விழும் இடத்தில் புள்ளிகள் தெரியும். தூரத்துக் கட்டிடம் மற்ற படங்களில் மங்கலாகத் தெரியும். இங்கே சிவப்பும் நீலமும் விலகி, ரிஜிஸ்டர் அவுட் ஆனது போலத் தெரியும். யாராவது குத்து விட்டால் சத்தம் காதில் கேட்பதோடு எழுத்தாகவும் திரையில் வெடிக்கும். மனதில் நினைப்பது பெட்டிக்குள் எழுத்தாக வரும்.

இதற்கு வழி போட்டது 2018 டிசம்பரில் வந்த முதல் படம், 'இன்டு தி ஸ்பைடர் வெர்ஸ்'. டைரக்டு செய்தவர்கள் பாப் பெர்சிசெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மேன். 2019 பிப்ரவரியில் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான ஆஸ்கார் பரிசைத் தட்டிக்கொண்டு போனது.

அதில் இன்னொரு தந்திரமும் உண்டு. சினிமாவில் வினாடிக்கு 24 படம் ஓடும். கற்றுக்குட்டியான மைல்ஸ் பையனுக்கு மட்டும் பல இடங்களில் வினாடிக்கு 12 நிலைதான் கொடுத்தார்கள். பக்கத்திலேயே தாவும் அனுபவசாலி பீட்டருக்கு 24. அதனால் பெரியவர் வழுக்கிக்கொண்டு போவார், பையன் வெட்டி வெட்டித் தடுமாறுவான். படம் முடிகிற நேரத்தில் பையனின் ஓட்டமும் சீராகி விடும். 'பையன் தேறி விட்டான்' என்று வசனமே இல்லாமல் சொன்ன சாமர்த்தியம் இது.

2023 படத்தில் இந்த வேலை இன்னும் பெருகியது. ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு கைவண்ணம். க்வென் என்ற பெண்ணின் உலகம் தண்ணீர் கலரில் வரைந்தது. அவள் மனம் கலங்கினால் சுவரின் நிறமும் கரைந்து வழியும். லண்டன் பையன் ஹோபி, பழைய சுவரொட்டியைக் கிழித்து ஒட்டியது போல வருவான். அவன் உடம்பு ஒரு வேகம், சட்டை ஒரு வேகம், கிடார் ஒரு வேகம்!

மும்பாட்டன் எப்படி வந்தது? இங்கேதான் நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்த நகரத்தை வரைவதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது 1970-களின் இந்திய 'இந்திரஜால்' காமிக்ஸ் என்று படக்குழுவினரே சொன்னார்கள்!

பாடப் புத்தகத்துக்குள் வேதாளர்

இந்திரஜால் என்றதும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வேதாளரும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் ஞாபகம் வரும். 1964-ல் தொடங்கி 1990 வரை, தமிழ் உட்பட பல மொழிகளில் வெளிவந்த காமிக்ஸ் அது.

அதன் பிறகு சிவகாசி புகுந்தது. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக இரும்புக்கை மாயாவி வந்தார். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ், மாடஸ்டியைக் கத்தி முனையில் நிறுத்தியது. அதே வருஷம் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்து, 2005 வரை ஓடியது.

பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிறு கட்டி, துணி கிளிப்பு மாட்டித் தொங்க விட்ட காலம். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடையில் நாணயத்தை வைத்து, கடைவாசலிலேயே படித்து முடித்து விட்டுப் போன காலம்.

"என்னடா அது, சரித்திரப் புத்தகத்துக்குள்ளே ஒளிச்சு வச்சிருக்கே?"

இந்தக் கேள்வியை வாங்காத பையன் அந்தக் காலத்தில் கிடையாது. பிடுங்கிக் கிழித்த அப்பாக்கள் உண்டு. வெந்நீர் அடுப்பில் போட்ட அம்மாக்கள் உண்டு. படிப்பு கெடும், புத்தி கெடும், கண் கெடும் என்று மூன்று குற்றச்சாட்டு. அப்பீல் கிடையாது!

கிழித்துப் போட்டதன் விலை தெரியுமா? அமெரிக்காவில் 1962 ஆகஸ்டில் சிலந்தி மனிதன் முதலில் தலைகாட்டிய இதழின் விலை 12 சென்ட். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதி 2021 செப்டம்பரில் ஏலத்துக்கு வந்தது. 36 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 26 கோடி ரூபாய்!

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சங்கதி உண்டு. லக்கி லூக் என்ற கௌபாய் வீரனைத் தமிழ்ப் பிள்ளைகள் சிவகாசிப் பதிப்பில் படித்தார்கள். தமிழில் கேப்டன் டைகர் என்று வந்தவரின் அசல் பெயர் புளூபெரி. இருவரும் பிறந்தது பிரெஞ்சு மொழியில். லக்கி லூக்கை 1946-ல் உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டு மோரிஸ். ஆக, பிரெஞ்சு படித்த வீட்டுப் பையனும், பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழ் படித்த வீட்டுப் பையனும் ஒரே வீரனை இரண்டு மொழியில் படிக்க முடிந்த ஊர் இது. ஒருவன் கையில் வழவழ அட்டை. இன்னொருவன் கையில் சாணித்தாள். குதிரை ஒன்றுதான்!

ஒரு வினாடிக்கு ஒரு வாரம்

சாணித்தாளின் அழகைத் திரையில் கொண்டு வருவது லேசான வேலை இல்லை. சாதாரண கார்ட்டூன் படத்தில் ஒரு கலைஞர் வாரத்துக்கு நான்கு வினாடி வேலை முடிப்பார். முதல் படத்தில் வாரத்துக்கு ஒரு வினாடிதான் முடிந்தது என்பது படக்குழு சொன்ன கணக்கு. இரண்டாம் படத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஓடும் நேரம் 2 மணி 20 நிமிடம்.

வசூல் கொட்டியது. உலகம் முழுவதும் சுமார் 69 கோடி டாலர்.

ஆனால் கணக்கில் வராத செலவும் ஒன்று உண்டு. படம் வந்த அதே 2023 ஜூனில், அதில் வேலை செய்த நான்கு பேர் பெயரை வெளியிடாமல் நியூயார்க் பத்திரிகை ஒன்றிடம் மனம் திறந்தார்கள். ஓராண்டுக்கும் மேல் வாரம் ஏழு நாள், நாளுக்கு 11 மணி நேரத்துக்கும் மேல் வேலை. முடித்ததை அழித்து, மறுபடி, மறுபடி திருத்தம். தாங்க முடியாமல் ஏறத்தாழ 100 பேர் பாதியிலேயே விலகி விட்டார்கள். இதுதான் அவர்கள் சொன்னது.

திருத்தம் என்பது எல்லாப் படத்திலும் நடப்பதுதான் என்று பட நிறுவனத் தரப்பில் பதில் சொல்லப்பட்டது.

மார்ச் மாதக் கணக்கு முடிக்க இரவு பத்து மணி வரை உட்காரும் குமாஸ்தாவுக்கும், தீபாவளிக்கு முந்தின வாரம் கடையிலேயே படுக்கும் சிப்பந்திக்கும் இந்த வேதனை புரியும். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வாய் பிளந்து பார்த்ததற்குப் பின்னால் தூக்கம் கெட்ட ஆயிரம் ஜோடிக் கண்கள் இருந்தன.

தமிழ் பேசிய சிலந்தி

இந்தியாவில் இந்தப் படம் 10 மொழிகளில் வந்தது. ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், குஜராத்தி, மராத்தி, பஞ்சாபி, வங்காளம்.

தமிழில் வந்ததால் என்ன ஆயிற்று? ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தனிச்சொத்தாக இருந்திருக்க வேண்டிய படம், முதலியார்பேட்டை அரசுப் பள்ளிப் பையனுக்கும் சொந்தமாயிற்று. அவன் பக்கத்து சீட்டுப் பையனிடம் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கூடவே சிரித்தான்.

அஜந்தா சிக்னல், ராஜா தியேட்டர் சந்திப்பு என்று நாற்சந்திக்கே கொட்டகையின் பெயரை வைத்த ஊர் புதுச்சேரி. இங்கே சினிமா என்பது வழி சொல்லும் அடையாளம். அந்த அடையாளத்தில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைப்பது நியாயம்தானே!

பெற்றோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. படத்தில் பளிச் பளிச்சென்று ஒளிவெட்டு அதிகம். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் காட்டக் கூடாது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு வேகம் தாங்காது. பாதிப் படத்தில் 'வீட்டுக்குப் போலாம்' என்று அழும்.

மாடி ஜாக்கிரதை! 1997-ல் டெலிவிஷனில் 'சக்திமான்' தொடங்கியபோது, அதைப் பார்த்துப் பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்று நாடெங்கும் பேச்சு எழுந்தது. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே தோன்றிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். வலை வருவது வரைந்த கையில்தான், நம் பையன் கையில் வராது. இதைப் படம் முடிந்து வரும்போதே சொல்லி விடுவது நல்லது.

நமக்கு எப்போது?

இரும்புக்கை மாயாவியும் நம் ஊர்க்காரர் இல்லை. இங்கிலாந்துச் சரக்கு. 1962 அக்டோபரில், அதாவது சிலந்தி மனிதன் வந்த அதே வருஷம், அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து விடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்! கடன் வாங்கிய வீரன்தான். ஆனாலும் சிவகாசித் தமிழில் பேசிப் பேசி சொந்தப் பிள்ளை ஆகி விட்டார்.

தமிழ் சினிமாவும் முயற்சி செய்யாமல் இல்லை. கார்ட்டூனிஸ்டாக இருந்து டைரக்டரான சிம்புதேவன், 2010-ல் லாரன்சை வைத்து 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தார். கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்த ரசிகர்களுக்கு அது விருந்து. 2012-ல் மிஷ்கின், ஜீவாவுக்கு முகமூடி மாட்டி 'முகமூடி' எடுத்தார். இரண்டும் நடிகர்கள் நடித்த படங்கள். காமிக்ஸ் பக்கத்தையே எழுந்து நடக்க வைத்த வேலையை வெளிநாட்டார் செய்து காட்டினார்கள். அதற்கு ஒரு பகுதிச் சரக்கு இந்தியப் பழைய பேப்பர் கட்டிலிருந்து போயிருக்கிறது. விற்றவனுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை!

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைப் பார்த்தால் ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 1827-ல் தொடங்கி, பிரெஞ்சு எழுத்தாளரின் பெயரைத் தாங்கி நிற்கும் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் பையனைக் கூட்டிப் போகலாம். படம் பார்த்த பையன் அந்த வேகத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், அது காமிக்ஸாக இருந்தாலும், பிடுங்குவதற்கு முன்னால் அப்பாவும் ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கலாம்.

தீர்ப்பு என்ன?

இனி இன்ஸ்பெக்டர் வழக்குக்கு வருவோம்.

சிலந்தி வீரன் எவனாக இருந்தாலும் அவனுக்கு நெருக்கமான போலீஸ் அதிகாரி ஒருவர், ஒரு குழந்தையைக் காப்பாற்றி உயிர் விட வேண்டும். இதுதான் படத்தில் சொல்லப்படும் விதி. இது சும்மா கிளப்பி விட்டது அல்ல. 1970-ல் வந்த அசல் காமிக்ஸில், கேப்டன் ஸ்டேசி என்ற போலீஸ் அதிகாரி இடிந்து விழும் செங்கல் குவியலில் இருந்து ஒரு சிறுவனைக் காப்பாற்றிச் செத்துப் போனார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு காட்சியைத்தான் படம் 'மாறாத விதி' ஆக்கி விட்டது.

விதியைக் காப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான சிலந்தி வீரர்களின் சங்கம். அதன் தலைவர் மிகுவெல். அவர் மைல்ஸ் பையனிடம் ஒரு செய்தி சொல்கிறார். பையனின் அப்பாவும் போலீஸ்காரர். இன்னும் இரண்டே நாளில் கேப்டனாகப் பதவி உயர்வு!

அதாவது, அடுத்துச் சாக வேண்டியவர் அவர்!

"ஊருக்காக உன் அப்பாவை விட்டுக் கொடு" என்கிறது சங்கம். பெரியவர்கள் அத்தனை பேரும் கைகட்டி நிற்கிறார்கள். விதி இப்படித்தான், எங்களுக்கும் நடந்தது, நீயும் பொறுத்துக்கொள் என்கிறார்கள். பையன் மட்டும் முடியாது என்கிறான். கூண்டை உடைத்துக்கொண்டு ஓடுகிறான்.

நம் ஊர் சிவப்புத் தொப்பி போலீஸ்காரரின் வீட்டில், இரவு ரோந்துக்குப் போன அப்பா வரும் வரை தூங்காமல் கிடக்கும் பிள்ளையைக் கேட்டால், இந்தப் பையன் செய்தது சரியா தப்பா என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லும்.

படமும் ஒரு சாட்சியைக் கொண்டு வருகிறது. க்வென் பெண்ணின் அப்பாவும் கேப்டன் ஸ்டேசிதான். இன்னொரு உலகத்து ஸ்டேசி. முகமூடிக்குள் இருப்பது தன் மகள் என்று தெரிந்தும் ஆரம்பத்தில் துப்பாக்கியை நீட்டியவர். கடைசியில் மகள் வீடு திரும்பும்போது ஒரு சேதி சொல்கிறார். போலீஸ் வேலையை விட்டு விட்டாராம்!

கேப்டன் பதவியே இல்லை என்றால், கேப்டன் சாவது எப்படி? எழுதி வைத்த விதியில் ஓட்டை விழுந்தது. ஓட்டை போட்டது அடியும் அல்ல, உதையும் அல்ல. ஒரு அப்பாவின் ராஜினாமாக் கடிதம்!

அதற்குள் மைல்ஸ் பையன் அவசரத்தில் வேறு உலகத்துக்குப் போய் மாட்டிக்கொண்டான். அவனைத் தேடி க்வென்னும் நண்பர்களும் புறப்பட்டு விட்டார்கள். வேட்டி கட்டிய பவித்ரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அந்த இடத்தில் 'தொடரும்' போட்டு விட்டார்கள்.

மூன்றாவது படம் 'பியாண்ட் தி ஸ்பைடர் வெர்ஸ்' முதலில் 2024 மார்ச்சில் வருவதாக இருந்தது. பிறகு 2027-க்குத் தள்ளிப் போடப்பட்டது.

மைல்ஸின் அப்பா பிழைப்பாரா? அந்த விடைக்காகப் பிள்ளைகள் நாள் எண்ணத் தொடங்கி விட்டார்கள். 2023-ல் அப்பாவின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் போன ஐந்தாம் வகுப்புப் பையன், விடை தெரியும்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருப்பான். அப்போது டிக்கெட் எடுத்து அப்பாவைக் கூட்டிப் போவது அவனாகவும் இருக்கலாம்.